முதல் பைக் ரேஸ்: ஹெல்மட்டில் தொடங்கிக் கவசங்கள் வாங்குவது எப்படி?

ரேஸுக்குப் பெயர் கொடுக்கும் தம்பிமார் பலர் கையில் உள்ள காசைச் சைலன்சருக்கும் டயருக்கும் கொட்டிவிட்டு, மிச்சத்தில் ஹெல்மட் தேடுகிறார்கள். தயவுசெய்து அந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். சாதாரண பைக்கிலும் முதல் ரேஸை நல்லபடியாக ஓடி முடிக்கலாம்.

படி 1: பாதை எது என்று பாருங்கள்

இலங்கையின் கட்டுகுருந்தையில் ஓடுவது தார்ப் பாதையில். தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில்லில் மண். தாரில் விழுந்தால் உடம்பு வழுக்கிக்கொண்டு போகும். தோலைக் காப்பாற்ற லெதர் சூட் வேண்டும். மண்ணில் வேகம் குறைவு, ஆனால் குதித்து விழுவதால் முழங்கால், கணுக்கால், நெஞ்சு எல்லாம் அடிவாங்கும். அங்கே இலேசான ஜெர்சியும் அதற்குள் கவசங்களும்தான் சரி. ஏற்பாட்டாளர்களிடம் அந்தப் போட்டிக்குரிய விதிமுறைகளைக் கேட்டு வாங்கி, பாதுகாப்பு உடை பற்றிய பகுதியை வரி விடாமல் வாசியுங்கள். கடைக்குப் போவது அதற்குப் பிறகு.

படி 2: ஹெல்மட்

அதிக நேரமும் அதிக காசும் இதற்குத்தான். முகம் முழுவதையும் மூடும் ஹெல்மட்டை மட்டும் பாருங்கள். தாடைப் பட்டியில் தைத்திருக்கும் இசிஇ (ஐரோப்பாவில் பயன்படும் பாதுகாப்புத் தரம்) லேபலைத் தேடுங்கள். ஒரு வட்டத்துக்குள் ஆங்கில ‘ஈ’ எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும். அந்த எண் அங்கீகாரம் கொடுத்த நாட்டைக் குறிக்கும். அருகிலுள்ள நீண்ட இலக்கம் 06 என்று தொடங்கினால் அது புதிய 22.06 தரம். தலை திருகுப்படும் அடிகளுக்கான சோதனை இந்தத் தரத்தில்தான் சேர்ந்தது. 05 என்று தொடங்கினால் பழைய தரம். இலக்கத்தோடு ‘பி’ (P) என்ற எழுத்து வந்தால் தாடைப் பகுதியும் சோதிக்கப்பட்டது என்று அர்த்தம். ‘என்பி’ (NP) என்றிருந்தால் அந்தத் தாடைப் பகுதியை நம்ப வேண்டாம், வாங்கவும் வேண்டாம்.

பின்பக்கம் ஒட்டிய டிஓடி (அமெரிக்கத் தரம்) ஸ்டிக்கரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். அந்தத் தரத்தில் தயாரிப்பாளரே தன் ஹெல்மட் சரி என்று அறிவிக்கிறார். ஸ்டிக்கரை யாரும் அச்சடிக்கலாம். அப்புறம், கார் ஓட்டும் நண்பரின் சொல்லைக் கேட்டு எஸ்ஏ வகை ஸ்னெல் (அமெரிக்காவின் ஒரு தனியார் தரம்) ஹெல்மட் வாங்க வேண்டாம். அது காருக்கானது, நெருப்புச் சோதனையும் சேர்ந்தது. பைக்குக்கு எம் வகை.

அளவு பார்க்கத் தையல் டேப்பைப் புருவத்துக்குச் சற்று மேலே சுற்றி, சென்டிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். ஹெல்மட்டைப் போட்டுப் பக்கவாட்டில் திருப்பினால் கன்னத்துத் தோலும் கூடவே அசைய வேண்டும். பட்டியைக் கட்டியபின், பின் விளிம்பைப் பிடித்து முன்னால் தள்ளும்படி பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்; கழன்று வந்தால் அந்த அளவு பெரிது. கடையிலேயே கால் மணி நேரம் போட்டிருங்கள். நெற்றியில் ஒரே இடத்தில் வலித்துச் சிவந்தால், அது உங்கள் தலை வடிவத்துக்கு ஏற்றதல்ல. கடைக்காரர் “போடப்போட இளகும்” என்பார். இளகுவது கன்னத்துப் பஞ்சு மட்டும்தான்.

இதனால்தான் லண்டன் மாமாவிடமோ டொரொன்டோ அக்காவிடமோ சொல்லி எடுப்பிப்பதை நான் விரும்புவதில்லை. வேறு வழியில்லை என்றால், அதே மொடலை இங்கே ஒருமுறை போட்டுப் பாருங்கள், அதைக் கைப்பொதியில் கொண்டுவரச் சொல்லுங்கள்.

பழைய ஹெல்மட் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். உள்ளே இருக்கும் நுரை ஒரு பெரிய அடியில் நசுங்கி அதன் வேலையை முடித்துவிடும். வெளியே கீறல்கூடத் தெரியாது.

படி 3: முதுகு, கை, கால்

முதுகுக் கவசத்தில் இஎன் 1621-2 என்ற ஐரோப்பியத் தர எண் இருக்கும். அதில் இரண்டு நிலைகள் உண்டு. சோதனையில் முதுகுக்குக் கடத்தப்படும் விசை முதல் நிலையில் சராசரியாக 18 கிலோநியூட்டன் வரை போகலாம். இரண்டாம் நிலையில் 9 வரைதான். விலை வித்தியாசம் தாங்கக்கூடியதாக இருந்தால் இரண்டாம் நிலையை எடுங்கள். சூட்டுக்குள் செருகியிருக்கும் வெறும் ஸ்பொஞ்சைக் கவசம் என்று எண்ண வேண்டாம்.

கையுறை மணிக்கட்டைத் தாண்டி ஏற வேண்டும், அங்கே இறுக்கும் பட்டியும் வேண்டும். பூட்ஸ் கணுக்காலுக்கு நன்றாக மேலே வரட்டும். சாதாரணச் சப்பாத்து உதவாது.

படி 4: சூட்

கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பக்கம் பைக்குக்கு வேண்டியதைத் தேடி எடுக்கலாம், ஆனால் சூட்டைப் போட்டுப் பார்க்காமல் எடுக்கக்கூடாது. பைக்கில் இருப்பதுபோல் குந்திப் பாருங்கள். நிற்கும்போது இறுக்கமாகவும் குந்தும்போது வசதியாகவும் இருந்தால் அதுதான் அளவு. முழங்கால் கவசம் சுற்றிக்கொண்டு போகக்கூடாது. கொழும்பு வெக்கையில் வேர்க்கும். அதற்காகப் பெரிய அளவு எடுக்காதீர்கள்.

காசு போதாவிட்டால் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுதான். தையல் விடாத, கவசம் நசுங்காத பழைய லெதர் சூட் நல்ல பொருள். ஒவ்வொரு தையலையும் இழுத்துப் பாருங்கள்.

மண் ரேஸ் என்றால் சூட்டுக்குப் பதில் கண்ணுக்குக் கண்ணாடி, நெஞ்சுக் கவசம், முழங்கால் கவசம்.

படி 5: ரேஸுக்கு முன்

எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வீட்டில் அரை மணி நேரம் இருங்கள். கழுத்தைத் திருப்ப, பிரேக்கைப் பிடிக்க முடிகிறதா பாருங்கள். ரேஸுக்கு முன் பைக்கைச் சோதிக்கும் பரிசோதகர்கள் ஹெல்மட்டையும் கேட்பார்கள். லேபலை வெட்டி எறிந்துவிடாதீர்கள். சில ஹெல்மட்டுகளில் கன்னப் பஞ்சை அவசரத்தில் இழுத்து எடுக்கச் சிவப்பு நாடா இருக்கும். உங்களோடு வரும் நண்பருக்கு அது எங்கே இருக்கிறது என்று காட்டிவையுங்கள்.