கட்டி அகற்றிய கீழ் இமையைச் சீரமைக்கும் முறை

வெட்டிய ஓரங்களில் புற்றுச் செல் இல்லை என்று பரிசோதனை அறிக்கை சொன்ன பிறகே சீரமைப்பைத் தொடங்குங்கள். உடனடி உறைவெட்டுப் பரிசோதனைக்கு (வெட்டிய திசுவை உறையவைத்து அப்போதே நுண்ணோக்கியில் பார்ப்பது) வழியில்லையென்றால் கண்ணில் களிம்பிட்டு, கட்டுப் போட்டு, சில நாள் காத்திருக்கலாம். அதனால் கெடுதல் இல்லை. மிச்சக் கட்டியின் மேல் ஃபிளாப்பை (இரத்த ஓட்டம் அறாமல் நகர்த்திய திசு) போர்த்திவிட்டால் அது கண்குழிக்குள் ஓசையில்லாமல் வளரும். வெளியே தெரியவரும்போது கண்ணையே இழக்க நேரலாம்.

இமைக்கு இரண்டு அடுக்கு. தோலும் வட்டத்தசையும் முன்னடுக்கு. டார்சஸ் தகடும் (இமைக்கு விறைப்புத் தரும் கெட்டித் திசு) கன்ஜங்டைவாவும் (இமையின் உட்புறச் சவ்வு) பின்னடுக்கு. இரண்டையும் ஈடுசெய்ய வேண்டும். அவற்றில் ஒன்றாவது தன் இரத்த ஓட்டத்தோடு வர வேண்டும். கிராஃப்ட் (இரத்த ஓட்டமின்றி வேறிடத்திலிருந்து வெட்டியெடுத்த திசு) மேல் கிராஃப்ட் வைத்தால் பிழைக்காது.

இடைவெளியைச் சும்மா கிடக்கும் நிலையில் அளக்காதீர்கள். இரு ஓரங்களையும் ஃபோர்செப்ஸால் பிடித்து மெல்ல நெருக்கி, மிஞ்சுவதை அளவிடுங்கள். முதியவர்களின் தளர்ந்த இமையில் பாதி போனதுபோலத் தெரிவதுகூட நேரடித் தையலுக்கு இணங்குவதுண்டு. பொதுவாக இமை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை நேரடித் தையல் போதும். சற்றே எட்டாவிட்டால் வெளிக்கண் மூலையில் வெட்டி, இமையை அங்கே எலும்போடு பிணைக்கும் தசைநாணின் கீழ்க்கிளையை விடுவியுங்கள். சில மில்லிமீட்டர் கிடைக்கும். பாதி வரை, வெளிக்கண் மூலைப் பக்கத் தோலை நகர்த்தும் டென்செல் அரைவட்ட ஃபிளாப். அதற்கும் மேலென்றால், மேல் இமையின் டார்சஸையும் கன்ஜங்டைவாவையும் கீழே இறக்கும் ஹியூஸ் ஃபிளாப்.

நேரடித் தையலில் பலரும் சறுக்குவது விளிம்பில்தான். காயத்தை ஐங்கோணமாக்கி, டார்சஸை விளிம்புக்குச் செங்குத்தாக வெட்டுங்கள். முதல் தையல் 6-0 (நூலின் தடிமன் எண்) பட்டு: விளிம்பிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகளின் திறப்பான மைபோமியன் துளை வரிசையில், ஓரத்திலிருந்து 2 மி.மீ. தள்ளி இறக்கி, எதிர்ப்பக்கம் அதே தொலைவில் ஏற்றுங்கள். முடிச்சிடாமல் இழுத்துப் பார்த்தால் விளிம்பு நேராகச் சேர்கிறதா என்பது தெரியும். பிறகு டார்சஸுக்கு 6-0 விக்ரில் (தானே கரையும் நூல்) தையல் இரண்டு. ஊசி தகட்டின் முழுத்தடிமனையும் துளைத்தால் நூல் கருவிழியை உரசும். கடைசியில் விளிம்பை முடிச்சிடும்போது அது லேசாகப் புடைத்து நிற்க வேண்டும். மேசையிலேயே தட்டையாக இருந்தால், தழும்பு சுருங்கியதும் பள்ளம் விழும். நூல் முனைகளை நீளமாக விட்டு, கருவிழிப் பக்கம் திரும்பாதபடி தோல் தையலுக்கடியில் அடக்குங்கள்.

ஹியூஸ் முறையில் மேல் இமையைப் புரட்டி, விளிம்பிலிருந்து 4 மி.மீ. டார்சஸை விட்டுவிட்டு அதற்கு மேல் கீறுங்கள். அந்த 4 மி.மீ.யில் கைவைத்தால் நல்ல இமையும் உள்மடங்கிக் கெடும். ஃபிளாப்பை முல்லர் தசையிலிருந்து (மேல் இமையைத் தூக்க உதவும் சிறு தசை) பிரித்து இறக்கி, டார்சஸ் முனைகளோடும் கன்ஜங்டைவாவோடும் தையுங்கள். முன்னடுக்குக்குக் காதின் முன்புறமோ பின்புறமோ எடுத்த தோல் பொருந்தும். மேல் இமையோடு இணைந்த ஃபிளாப் கண்ணை மறைப்பதால் கண் சில வாரம் மூடியிருக்கும். ஆகவே மற்றக் கண்ணில் பார்வையற்றவர்களுக்கும், சோம்பல் கண் வரக்கூடிய சிறு குழந்தைகளுக்கும் இது வேண்டாம்.

எந்த முறையிலும் இழுவிசை கிடையாக இருக்கட்டும். கன்னத்தை நோக்கிச் செங்குத்தாக இழுத்தால் இமை வெளிப்புறம் புரளும், கருவிழி காயும்.

அன்றிரவே கடும் வலி, கண் பிதுங்கல், பார்வை மங்கல் மூன்றும் சேர்ந்தால் கண்ணுக்குப் பின்னால் இரத்தம் தேங்குகிறது என்றே கொள்ளுங்கள். ஸ்கேனுக்குக் காத்திராமல் தையலைத் திறந்து அழுத்தத்தை விடுவிக்க வேண்டும். சிக்கலில்லையென்றால் தோல் தையலை 5 முதல் 7 நாளிலும், விளிம்புத் தையலை 10 முதல் 14 நாளிலும் எடுக்கலாம்.