லாஸ் வேகாஸ் கேசினோ: 10,000 டாலருக்கு மேல் ரொக்கமா? பாஸ்போர்ட்டைக் கையோடு கொண்டு போங்கள்

அமெரிக்க கேசினோவில் ஒரே நாளில் 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் கட்டவோ வாங்கவோ போகிறீர்களா? அசல் பாஸ்போர்ட்டோடு கவுன்ட்டருக்குப் போய் ஒரே தடவையில் முடியுங்கள். அந்தத் தொகையைத் தாண்டினால் கேசினோ ஃபின்சென் 112 என்ற ரொக்கப் பரிமாற்ற அறிக்கையை அமெரிக்க நிதித்துறையின் நிதிக்குற்றத் தடுப்புப் பிரிவுக்கு (அதுதான் ஃபின்சென்) அனுப்பியாக வேண்டும். வெளிநாட்டவரின் அடையாளத்தை பாஸ்போர்ட் போன்ற, குடியுரிமையோ வசிப்பிடமோ காட்டும் அரசு ஆவணத்தை வைத்துத்தான் சரிபார்ப்பார்கள். போனில் இருக்கும் போட்டோவை நம்பிப் போனால் அறைக்குத் திரும்ப நடக்க வேண்டியதுதான்.

இந்த அறிக்கை வரி அல்ல, ஒரு டாலர்கூடப் பிடிக்க மாட்டார்கள். அதற்குப் பயந்து 6,000, 5,000 என்று பிரித்து வாங்குவதுதான் ஆபத்து. அன்றைய தொகைகளை எப்படியும் கூட்டிப் பார்ப்பார்கள் (கட்டியது தனிக் கணக்கு, வாங்கியது தனிக் கணக்கு). அறிக்கையைத் தவிர்க்கவே பிரித்தது என்றால், பணம் நேர்மையானதாக இருந்தாலும் அது குற்றம்.

ஸ்லாட் மெஷின் ஜாக்பாட்டுக்கு இந்த 112 அறிக்கை பொருந்தாது. அதற்கு வரிக் கணக்கு வேறு: இந்தியர்களுக்குப் பொதுவாக 30% பிடித்துக்கொண்டு, பிடித்த வரியைக் காட்டும் 1042-எஸ் படிவம் தருவார்கள்.

அமெரிக்காவைவிட்டு வெளியே 10,000 டாலருக்கு மேல் கொண்டுபோனால் சுங்கத்துறைக்கு ஃபின்சென் 105 என்ற ரொக்க அறிவிப்புப் படிவத்தைத் தனியாகக் கொடுக்க வேண்டும். கேசினோ அனுப்பிய அறிக்கை அதற்கு ஈடாகாது.