கினிகத்தேனை ஏற்றத்தில் கேட்ட 'டொக் டொக்'

கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும்போதுதான் முதலில் கேட்டது. என் பழைய டீசல் கார் எப்போதும் சத்தக்காரிதான். ஆனால் இது அடிவயிற்றிலிருந்து வந்தது. சூடேறி ஐட்லில் நின்றால் ஒயில் லைட் மினுக்கியது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். வீடுவரை ஓட்டியது என் மடத்தனம்.

கராஜில், சிலிண்டருக்குள் டீசல் பீச்சும் இன்ஜெக்டர்தான் கோளாறு என்றார்கள். பக்கத்து லயத்து அண்ணன் நம்பவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு (டீசல் பீறிடும்), ஐட்லில் இன்ஜெக்டர் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். தளர்த்தினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்யாது. மூன்றாவதில் சத்தம் பாதியானது.

"ஒயில் லைட்டும் மினுக்குதே தம்பி, பிக் எண்ட்தான், பிஸ்டன் தண்டு கிராங்கில மாட்டுற பெயரிங். சம்பை, அடியில இருக்கிற ஒயில் தொட்டியைக் கழட்டிப் பாரு."

வடித்த ஒயிலில் பொடி மினுங்கியது. மூன்றாவது பெயரிங் செல்லின் பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது. அது சுற்றும் கிராங்க் தண்டில் நகம் வைத்தால் மாட்டும் அளவுக்குக் கோடு. காரணம் அடியில் கிடந்தது: முன்பு யாரோ சம்பில் அள்ளிப் பூசிய சிலிகன் துண்டுகள், பம்ப் ஒயில் உறிஞ்சும் வடிகட்டியைப் பாதி அடைத்திருந்தன.

கண்டியில் லேத்துக்குக் கொடுத்து கிராங்கை 0.25 மி.மீ. கடைந்து, அதே அளவு செல் போட்டோம். ஒயில் துளைகளை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினேன். அப்புறம் இன்ஜின் பிடிக்காமல் ஒயில் மட்டும் ஏறட்டும் என்று டீசல் பம்பின் ஸ்டொப் வயரைக் கழற்றிவிட்டு, ஒயில் லைட் அணையும்வரை விட்டுவிட்டு செல்ஃப் அடித்தேன். வயரை மாட்டியதும் பிடித்துக்கொண்டது. டொக் இல்லை.