அப்பாவின் போர்க்காலமும் பினாங்குக் கடலும்: நாவலில் சறுக்கும் இடங்கள்

‘ஜப்பான்காரன் காலத்தில் (இரண்டாம் உலகப்போரில் மலாயா ஜப்பானியர் கையில் இருந்தபோது) அப்பா என்ன செய்தார்?’ என்ற கேள்வியை வைத்துப் பினாங்கில் கடற்படை மர்ம நாவல் எழுதுகிறவர்கள், அப்பாவை எங்கே நிறுத்துவது என்பதிலேயே சறுக்குகிறார்கள். ஜெர்மன் நீர்மூழ்கியில் மாலுமி ஆக்கிவிடுகிறார்கள். 1943, 44-ல் ஜெர்மானிய, ஜப்பானிய நீர்மூழ்கிகள் பினாங்கில் நின்றது உண்மைதான். ஆனால் நம் ஆள் அதன் பக்கத்தில் போக வேண்டுமென்றால் துறையில் மூட்டை தூக்கியிருக்கலாம்; இல்லை, ஒற்றர் பயிற்சி எடுத்திருக்கலாம். கேரளத்துச் சுதந்திரப் போராட்ட வீரர் வக்கம் அப்துல் காதர் பினாங்கில் பயிற்சி பெற்று, 1942-ல் ஜப்பானிய நீர்மூழ்கியில் போய் மலபார்க் கரையில் இறங்கினார். பிடிபட்டு, 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அப்படியொரு குழுவோடு புறப்பட வேண்டியவர், கடைசி நேரத்தில் ஏறவில்லை என்றால்? அப்பாவுக்கு இதைவிட நல்ல ரகசியம் கிடைக்காது.

அடுத்தது கடிகாரம். ஜப்பானியர் மலாயாவின் நேரத்தைத் தோக்கியோ நேரத்துக்கு மாற்றினார்கள். ஒன்றரை மணி நேரம் முன்னே போனது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1944 ஜனவரி 11 அன்று பிரிட்டிஷ் நீர்மூழ்கி டேலிஹோ, பினாங்குக்கு அருகே ஜப்பானியப் போர்க்கப்பல் குமாவை மூழ்கடித்தது. அந்த நேரத்தில் துறையில் இருந்ததாக அப்பா ஒரு மணி சொல்கிறார். லண்டன் ஆவணக் காப்பகத்தில் மகள் புரட்டும் அறிக்கையில் வேறு மணி. பொய் சொன்னது அப்பாவா, கடிகாரமா? நான்கு அத்தியாயம் இழுக்கலாம்.

நீர்மூழ்கியை மீன்போல எந்நேரமும் தண்ணீருக்குள்ளேயே ஓட்டாதீர்கள். அன்றைய ஜெர்மன் படகு டீசலில் மேலே சுமார் 18 நாட் (மணிக்கு 18 கடல் மைல்) போகும். மூழ்கினால் பேட்டரிதான், 7 நாட்டே பெரிய விஷயம், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. சார்ஜ் ஏற்ற மேலே வந்தே தீரணும். பதற்றம் அங்கேதான் இருக்கிறது.

வயதையும் கணக்குப் போட்டுவிடுங்கள். தேடல் 1980-களில் நடந்தால் சாட்சிகள் உயிரோடு இருப்பார்கள்.

அப்புறம் அப்பா விட்டுப்போன அந்தத் தகரப் பெட்டி! திறந்தால் டைரி, போட்டோ, பதக்கம் என்று எல்லாம் வரிசையாக இருக்கும். 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ்காரன் திரும்பி வந்தபோது, மாட்டிவிடக்கூடிய காகிதத்தை எவர் வைத்திருப்பார்? ஜப்பானியர் அச்சடித்த, செல்லாத வாழைமர நோட்டு நாலு கிடைக்கட்டும், போதும். மற்றதை, ஜப்பானியர் ஆட்களைக் கொண்டுபோய்ப் போட வைத்த சயாம் ரயில் பாதையிலிருந்து உயிரோடு திரும்பிய பழைய கூட்டாளி சொல்லட்டும், அதுவும் பாதி தப்பாக.