நமக்குத் தப்பில்லை, சகோதரனுக்கு?

ஒருநாள் வீட்டு ஜெபக்குழு முடிந்ததும் சீட்டுக்கட்டை எடுத்தேன். காசு வைக்காத ஆட்டம், என் மனசாட்சியில் உறுத்தல் இல்லை. புதிதாக வந்திருந்த சகோதரர் தயங்கினார். "சும்மா விளையாடுங்க அண்ணே" என்று நான்தான் அவர் கையில் சீட்டைக் கொடுத்தேன். மூன்று வாரம் அவர் வரவில்லை. தேடிப் போனபோதுதான் தெரிந்தது: சூதில் சம்பளத்தை எல்லாம் விட்டவர். இரட்சிக்கப்பட்டபின் சீட்டையே தொடுவதில்லை என்று தீர்மானித்திருந்தார். அந்தத் தீர்மானம் என் வீட்டில் உடைந்தது.

அதற்குப்பிறகு நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன்.

முதலில், இது வேதம் தெளிவாகத் தடுக்கிற பாவமா, மனசாட்சிக்கு விடப்பட்ட காரியமா என்று பாருங்கள். பொய்யும் விபசாரமும் சுயாதீனத்துக்குள், அதாவது மனசாட்சிப்படி நாமே முடிவெடுக்கும் உரிமைக்குள், வராது. உணவு, விசேஷ நாட்கள் போன்றவை ரோமர் 14-இல் வருகின்றன. அங்கே அப்போஸ்தலன் பவுல் இரண்டு பேரையும் கண்டிக்கிறார்: புசிக்கிறவன் புசியாதவனை அற்பமாய் எண்ணக்கூடாது, புசியாதவன் புசிக்கிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்கக்கூடாது. நான் முதல் வகை. நீங்கள் எந்த வகை என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது, இடறல் என்றால் என்ன? யாரோ முகம் சுளிப்பதெல்லாம் இடறல் ஆகாது. நம்மைப் பார்த்துத் துணிந்து, தன் மனசாட்சிக்கு விரோதமாக ஒருவர் செய்துவிடுவதுதான் இடறல். 1 கொரிந்தியர் 8:10 சொல்வது அதைத்தான். அதனால் யாராவது தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். வசனம் காட்டி வாதாடவும் வேண்டாம். வாதத்தில் ஜெயித்தாலும் அவர் மனசாட்சி அன்றைக்கே மாறிவிடாது.

அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் விட்டுக்கொடுப்பதா? இல்லை. ஊழியத்துக்காகத் தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் செய்த அதே பவுல், இன்னொரு உடன் ஊழியனான தீத்துவுக்கும் அதைச் செய்யவேண்டும் என்றபோது ஒரு நாழிகையும் இணங்கவில்லை. அங்கே சிலர் அதைச் சுவிசேஷத்தோடு ஒரு நிபந்தனையாகச் சேர்க்கப் பார்த்தார்கள், அதனால் மறுத்தார். "இதைச் செய்தால்தான் இரட்சிப்பு" என்று யாராவது சொன்னால், அங்கே உறுதியாக நில்லுங்கள்.

ஏற்கெனவே காயப்படுத்திவிட்டீர்களா? நேரில் போங்கள். "நீங்கள் தப்பாக எடுத்துக்கொண்டிருந்தால்" என்று ஆரம்பிக்காதீர்கள். "உங்கள் தயக்கத்தைப் பார்த்தும் வற்புறுத்தினேன், தப்பு என்னுடையது" என்றேன் நான். அப்புறம் வாயை மூடிக்கொண்டு அவர் பேசுவதைக் கேட்டேன். வெகுநேரம் பேசினார். கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து ஜெபித்தோம்.