பழைய ஃபுல் சஸ்பென்ஷன் ஃபிரேமா? ஷாக்கைக் கழற்றிப் பாருங்கள்
முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள பழைய கிராஸ் கன்ட்ரி மவுண்டன் சைக்கிள் ஃபிரேம் வாங்கும்போது, காசைக் கொடுப்பதற்கு முன் ஷாக்கின் (பின்பக்க அதிர்வுதாங்கியின்) ஒரு முனை போல்ட்டைக் கழற்றிவிட்டு, பின்பகுதியைக் கையில் தாங்கி மெதுவாக மேலும் கீழும், அப்புறம் பக்கவாட்டிலும் அசைத்துப் பாருங்கள். ஷாக் மாட்டியிருந்தால் அதன் காற்றழுத்தம் பிவட் (பின்பகுதி அசையும் மூட்டு) பேரிங்கின் தேய்மானத்தை மறைத்துவிடும். கழற்றினால் மணல் அரைபடுவது போன்ற நறநறப்பு விரலுக்கே தெரியும். நம் டெல்டாவில் வாய்க்கால் கரையில் ஓடிய வண்டி என்றால் வண்டல் சேறு உள்ளே புகுந்து காய்ந்திருக்கும், அதிலும் பாட்டம் பிராக்கெட்டுக்கு (பெடல் அச்சு சுழலும் இடத்துக்கு) மேலே இருக்கிற மெயின் பிவட்டை அவசியம் பாருங்கள். பேரிங் போயிருந்தால் மாற்றிக்கொள்ளலாம், ஃபிரேமில் அது உட்காரும் குழியே தேய்ந்திருந்தால் வேண்டவே வேண்டாம்.

பின்னால் பிவட் இல்லாமல் ஸ்டே (பின்சக்கரத்தைத் தாங்கும் குழாய்) வளைந்து கொடுக்கும் ஃபிரேம்களில் ஸ்பிரிங் மாதிரி எதிர்ப்பு இருக்கத்தான் செய்யும், அது கோளாறு இல்லை.