தரையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் காலைப் பார்த்துக்கொள்வது எப்படி

சுவாமிமலையில் சிலைக்கு மெழுகு உரு பிடிப்பது என் வேலை. 28 வருடமாக ஒரு காலை மடக்கி, மறுகாலைக் குத்திட்டு மணையில்தான் இருக்கிறேன். மெழுகு இளக்கமாக இருக்கும்போதே முகத்தை முடித்துவிட வேண்டும் என்று மூன்று மணி நேரம்கூட அசையாமல் இருந்ததுண்டு. போன ஐப்பசியில், சாயங்காலமானால் கணுக்கால் வீங்கியது. அமுக்கினால் குழி விழுந்தது. ஆடுசதையில் பச்சையாகப் புடைத்து நெளிந்தது. நாம் ‘நரம்பு சுருட்டல்’ என்பது நரம்பே இல்லை, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயான சிரை என்றார் டாக்டர். என் அம்மாவுக்கும் அது இருந்தது. உட்காருவது மட்டுமே காரணம் இல்லை.

காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனி, முழங்காலுக்குப் பின்புறப் பள்ளத்தின் வழியாகத்தான் இறங்குகிறது. இறுக மடக்கினால் அதுவும் வளையும். மடையைப் பாதி அடைத்த வாய்க்கால் மாதிரி ஓட்டம் மந்தமாகும். நெடுநேரம் அப்படியே இருந்தால் குழாய் விரிந்துகொடுக்கும் தன்மை கொஞ்ச நேரத்துக்குக் குறைகிறது. ரத்தம் மேலே திரும்ப, ஆடுசதை சுருங்கிச் சிரையை அழுத்தித் தள்ள வேண்டும். அசையாமல் இருந்தால் அது நடக்காது, ரத்தம் கீழேயே தேங்கிக் கால் வீங்கும். நாற்காலியில் அசையாமல் காலைத் தொங்கப்போட்டாலும் இதே கதைதான்.

அதனால் சம்மணத்தை விட வேண்டாம், அரை மணிக்கொருமுறை எழுந்தால் போதும். மெழுகு வாட்டும் கரியடுப்பு முன்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இப்போது முற்றத்தின் மறுகோடியில் வைத்திருக்கிறேன். மெழுகு இறுகினால் நான் எழுந்துதான் ஆக வேண்டும். அடுப்பருகே நிற்கும்போது குதிகாலை 20 தடவை உயர்த்தி இறக்குவேன். எழவே முடியாத வேலையா? சரி, காலை நீட்டிப் பாதத்தையாவது முன்னும் பின்னும் ஆட்டுங்கள்.

மணைமேல் சாக்கை நாலாக மடித்துப் போட்டால் இடுப்பு உயர்ந்து முழங்கால் மடிப்பு இளகும். மடக்கும் காலையும் மாற்றிக்கொள்ளுங்கள். கால் மரத்துப்போவது பெரும்பாலும் நரம்பு அழுந்துவதால்தான்; அப்போதாவது எழுந்துவிடுங்கள். இரவில் தலையணையை முழங்காலுக்கு அடியில் மட்டும் வைத்தால் மடிந்தபடியே கிடக்கும். ஆடுசதையிலிருந்து குதிகால்வரை தாங்கட்டும். அப்புறம், நான் காலையில் கோயிலின் 60 படியும் ஏறி இறங்குகிறேன்.

நடந்தால் ஆடுசதை இழுத்துப் பிடித்து, நின்றால் விட்டுவிடுகிறதா? பீடி, சர்க்கரை உள்ளவர்கள் தமனி அடைப்பா என்று பார்த்துவிடுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிச் சூடாக வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். எண்ணெய் போட்டு உருவிவிடாதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதோடு மூச்சு வாங்கினால் உடனே 108.